நினைவு நாளில் ரேடியோவுக்குக் கோல் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வெள்ளவத்தை ரசிகன்:
என் கதையை முதலில் சொல்கிறேன். ஜனவரி 22, காலை ஏழரை மணி இருக்கும். பழைய பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்குக் கோல் எடுத்தேன். எந்த வானொலி என்று கேட்காதீர்கள். 2018-இல் எங்கள் இலங்கைப் பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் சென்னையில் காலமானது அந்தத் தேதியில்தான். "இன்றைக்கு அவருடைய நினைவு நாள், சுராங்கனி போடுங்கோ தம்பி" என்றேன். அறிவிப்பாளர் நல்ல பிள்ளை. "கட்டாயம் அண்ணா" என்றார்.

பத்து நிமிஷத்தில் பாட்டு வந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு சத்தத்தைக் கூட்டினால், பாடுவது மலேசியா வாசுதேவன்! அதே சுராங்கனியை 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா இசையில் அவர் பாடியது. அதுவும் நல்ல பாட்டுத்தான், அவரும் 2011-இல் போய்விட்டார், அது வேறு விஷயம். ஆனால் நான் கேட்டது அவரை இல்லையே.

திரும்பவும் கோல் எடுத்தேன். "அண்ணா, கொம்பியூட்டர்ல பேரை அடிச்சா இதுதான் வருது" என்றார் தம்பி. அவரில் பிழை சொல்ல மாட்டேன். படப்பாட்டுக்குப் படத்தின் பெயர் இருக்கிறது, தேடினால் அகப்படும். எங்கள் பொப் பாட்டுக்குத் தாய் தகப்பன் இல்லை. கலியாண வீட்டில் பேண்ட்காரன் வாசிக்காமல் விடமாட்டான், ரேடியோவில்தான் இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, உங்களுக்குப் பாட்டாவது வந்ததே. எனக்கு வாணி ஜெயராம் என்றால் உயிர். அவர் போனது 2023 பெப்ரவரி 4. நம் நாட்டின் 75-ஆவது சுதந்திர தினம்! அன்று எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் அணிவகுப்பும் தேசபக்திப் பாட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் இதே கதை. என் வீட்டுக்காரர் கேட்பார்: "செத்த மனுசிக்கு வேற நாள் கிடைக்கலியா?" பிறகு மகள் சொல்லித்தான் தெரியும், கார்ப்பென்டர்ஸ் குழுவின் கேரன் கார்ப்பென்டர் போனதும் பெப்ரவரி 4-தானாம், 1983-இல், 32 வயதில். ஆக ஆங்கிலப் பழைய பாட்டுக்காரருக்கும் அதே தலைவலி. அன்றைக்கு நான் கோல் எடுப்பதில்லை. ஐந்தாம் தேதி எடுப்பேன். ஒருமுறை போட்டார்கள்.

தெமட்டகொட பையன்:
படம், இசை, கதாநாயகன் எல்லாம் சொல்லுவாங்க, பாடினவர் பேர் மட்டும் வராது. ஸ்வர்ணலதாவுக்கு நடக்கிறது இதுதான். 'கருத்தம்மா'வுக்குத் தேசிய விருது வாங்கி, 37 வயதில் 2010-இல் போனவர்.

பம்பலப்பிட்டி வாசி:
எங்கள் அப்பாவுக்கு அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் என்றால் பைத்தியம். டிசம்பர் பிறந்தால் காலி வீதிக் கடைகளில் கிறிஸ்மஸ் பாட்டுக்கு அந்தக் குரல்தானே! 1964 ஜூலை 31-இல் நாஷ்வில் பக்கம் விமானம் விழுந்து இறந்தவர். அப்பாவுக்கு அது தெரிந்தது எண்பதுகளின் கடைசியில். அதுவரை "இந்த வருஷமும் புதுசா ஒண்டும் பாடேல்லப் போல" என்று குறைப்படுவார். ரேடியோக்காரர் ஒருநாளும் காலஞ்சென்ற என்று சொன்னதில்லை, அதனால் வந்தது. எனக்கென்னவோ நினைவு நாளில் ஒரு மணித்தியாலம் உருகிவிட்டு மறப்பதைவிட இது மேல் என்று படுகிறது. அடிக்க வராதீர்கள்.

வெள்ளவத்தை ரசிகன்:
அடிக்கவில்லை அண்ணை. ஆனால் ஜிம் ரீவ்ஸைத் தினமும் போடுகிறார்கள், மனோகரனை யார் போடுகிறார்கள்?

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய கெசட் ஒன்று கிடந்தது. புறக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி, அந்த வானொலி வாசலுக்கே கொண்டுபோனேன். உள்ளே விடவில்லை. காவலாளி சிங்களவர், அறுபது வயதிருக்கும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பாட்டின் பெயரைச் சொன்னேன். கொப்பியில் என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி முடிக்கும்வரை மனிதர் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பென்டிரைவை உள்ளே அனுப்பினாரா, தானே வைத்துக்கொண்டாரா தெரியாது. பாட்டு இன்னும் வரவில்லை.