தமிழ்க் கோப்புகளில் ‘கொள்முதல்’ தேடினால் பாதிகூட வரவில்லை: வழக்குக்கான ஆவணத் தேடலில் உதவி தேவை

நூல்கண்டு:
வணக்கம். வணிக நீதிமன்ற வழக்கு ஒன்றில் பிரதிவாதி தரப்புக்கு ஆவணம் திரட்டும் வேலை. நூல் சப்ளையில் பாக்கித் தகராறு. கம்பெனி சர்வரில் 2006 முதல் 2021 வரையிலான வேர்டு, எக்செல், பிடிஎஃப் என்று நாற்பதாயிரம் சொச்சம் கோப்புகள். எல்லாவற்றையும் ரிவ்யூ மென்பொருளில் (வழக்கு ஆவணங்களைத் தேடிப் படிக்க உதவுவது) ஏற்றி இன்டெக்ஸ் (தேடலுக்கான சொல் பட்டியல்) போட்டாச்சு. ஆங்கிலச் சொல் போட்டால் ஒழுங்காக வருகிறது. ‘கொள்முதல்’ என்று போட்டால் பழைய கோப்பு ஒன்றுகூட வருவதில்லை, புதியதிலும் கொஞ்சம்தான். திறந்து பார்த்தால் அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறது! எல்லாவற்றையும் யூனிகோடாக (தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் பொதுக் குறிமுறை) மாற்றிச் சேமித்து, அதையே கோர்ட்டில் தாக்கல் செய்துவிடலாமா? எதிர்வழக்குரைக்கு 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃபான்ட் வைத்தியர்:
பழைய கோப்புகள் பாமினி அல்லது வானவில் மாதிரி ஃபான்டில் அடித்தவையாக இருக்கும். உள்ளே இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. நீங்கள் யூனிகோடில் தேடினால் எப்படி வரும்?

பாமினியில் இன்னொரு வம்பும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளிக் குறியாகப் (;) பதிவாகிறது. பெரும்பாலான இன்டெக்ஸ்கள் அரைப்புள்ளியைக் கண்டால் சொல் முடிந்தது என்று வெட்டிவிடும். ‘கொள்முதல்’ நடுவில் ‘ள்’ வருவதால் இரண்டு துண்டாகிவிடும். அடுத்து, ‘ம’வுக்குச் சின்ன ஆங்கில எழுத்து என்றால் ‘மு’வுக்கு அதே எழுத்தின் பெரிய வடிவம். ‘க’, ‘கு’வும் அப்படித்தான். இன்டெக்ஸ் பெரிய, சின்ன எழுத்தை ஒன்றாக்கிவிடுவதால் ‘முதல்’, ‘மதல்’ இரண்டும் அதற்கு ஒன்றே. அதனால் தேடு சொல்லை பாமினிக்கு மாற்றி அடிக்கும் குறுக்குவழி வேண்டாம். வருவதும் நம்பும்படி இருக்காது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கோப்பிலிருந்தும் உரையைத் தனியே எடுத்து, யூனிகோடாக மாற்றி, மென்பொருளில் ‘தேடல் உரை’ என்று தனிப் புலம் ஒன்றில் ஏற்றி, அதன் மேல் இன்டெக்ஸ் போடுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

நூல்கண்டு:
நன்றி சார். மாதிரிக்கு ஒரு கோப்பை மாற்றிப் பார்த்தேன். தமிழ் சரியாக வந்தது. இடையில் இருந்த ஆங்கில மில் பெயர், இன்வாய்ஸ் எண் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிட்டன. யூனிகோடிலேயே இருக்கும் புதிய பிடிஎஃப்கள் ஏன் வரவில்லை என்பதும் புரியவில்லை.

ஃபான்ட் வைத்தியர்:
முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றினால் அப்படித்தான் ஆகும். புதிய வேர்டு வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொதி. உள்ளே எந்தத் துண்டு வரிக்கு எந்த ஃபான்ட் என்பது எழுதியே இருக்கும். பழைய வடிவத்தில் இருப்பவற்றின் நகலை முதலில் புதிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பைத்தானில் சின்ன நிரல் எழுதி, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். எக்செலில் செல் வாரியாக. ஒரே செல்லில் இரண்டு ஃபான்ட் இருக்கும், அதையும் கவனியுங்கள். ஃபான்ட் தகவலே இல்லாத வெறும் உரைக் கோப்பு, பழைய மெயில் என்றால் எழுத்தை ஒட்டி அரைப்புள்ளி, அதை ஒட்டி இடைவெளி இல்லாமல் மீண்டும் எழுத்து என்ற வரிசை அடிக்கடி வருகிறதா பாருங்கள். வந்தால் அநேகமாக பாமினி.

பிடிஎஃப் கதை வேறு. உரையைப் பிரித்தெடுக்கும்போது எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வந்துவிடுவதுண்டு. கொம்பு முன்னால் போய் ‘ெகாள்முதல்’ என்று கிடக்கும். நீங்கள் தேடும் ‘கொ’ அதில் இல்லை. பழைய ஃபான்டில் செய்த பிடிஎஃப் அதைவிட மோசம்: குப்பையாக இருந்தாலும் உரை என்று ஒன்று இருப்பதால், மென்பொருள் ‘இதற்கு ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) தேவையில்லை’ என்று தாண்டிப் போய்விடும். பிடிஎஃப் பண்புகளில் ஃபான்ட் பட்டியலைப் பாருங்கள். பழைய ஃபான்ட் பெயர் இருந்தாலோ, எடுத்த உரையில் சொல் கொம்பில் தொடங்கினாலோ, இருக்கும் உரையை ஒதுக்கிவிட்டு 300 டிபிஐயில் படமாக்கி, டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியும் சேர்த்துக் கட்டாய ஓசிஆர் ஓட்டுங்கள்.

மிச்சம் ஒன்று. ‘ொ’ ஒரே குறியாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. தேடல் உரை, தேடு சொல் இரண்டையும் என்எஃப்சி (இப்படி இரண்டு விதமாக வருவதை ஒரே குறியாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ‘ௌ’வுக்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும் அடித்திருந்தால் அது தீராது, தனியாகப் பிடிக்கணும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகளையும் களைந்துவிடுங்கள்.

புள்ளிராஜன்:
வேற்றுமை உருபை விட்டுவிட்டீர்களே. ‘நூல்*’ (நட்சத்திரம் இருந்தால் அதன் பின் எது வந்தாலும் எடுக்கும்) என்று போட்டால் ‘நூலை’, ‘நூலுக்கு’ வராது. ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும், ‘நூலை’யில் அந்தப் புள்ளி கிடையாது. புள்ளியை எடுத்துவிட்டு ‘நூல*’ என்று போடுங்கள், ‘நூல்’ உட்பட எல்லாம் வரும் (நூலகமும் வரும், பரவாயில்லை). ‘சரக்கு’, ‘ரசீது’ போன்றவற்றுக்கும் கடைசி உகரத்தை விட்டு ‘சரக்க*’, ‘ரசீத*’. மகரத்தில் முடிவதற்கு இரண்டு வேண்டும்: ‘முன்பணம*’ அல்லது ‘முன்பணத்த*’. பெயர்களில் ‘ஸ்ரீ’ இரண்டு விதமாக அடிக்கப்படும், ‘ஸ’ போட்டும் ‘ஶ’ போட்டும். இரண்டையும் தேடுங்கள்.

குறுக்குவிசாரணை:
மாற்றிய கோப்பைத் தாக்கல் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. வணிக வழக்குகளுக்குத் திருத்தப்பட்ட சிபிசி (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 11 விதி 6, மின்னணு ஆவணத்தின் அச்சுநகல் போதும் என்கிறது. ஆனால் அது எந்தக் கணினியில் இருந்தது, யார் பொறுப்பில், எப்போது உருவானது, எப்போது அச்செடுத்தது, மூலக் கணினியிலிருந்தே எடுத்ததா என்றெல்லாம் உறுதிமொழி கேட்கிறது. நீங்கள் நேற்று உருவாக்கிய யூனிகோடு கோப்புக்கு இதில் எதைச் சொல்வீர்கள்? பாமினி மூலத்தை அதே ஃபான்ட் உள்ள கணினியில் திறந்து பிடிஎஃப் ஆக்கி, மூலத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 1.7.2024 முதல் அமலில் இருக்கிறது. அதன் பிரிவு 63(4) சான்றிதழில் பகுதி ‘ஏ’ உங்கள் தரப்பு, பகுதி ‘பி’ நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், கோப்பின் கைரேகை மாதிரியான எண்) எழுதணும். அதனால் வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஷா256 என்ற ஹாஷ் எடுத்துப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள், விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லிலேயே எடுக்கலாம். சர்வரிலிருந்து இழுத்துப் போட்டு நகலெடுத்தால் ‘உருவான தேதி’ இன்றைய தேதியாகிவிடும். தேதிகளைக் காப்பாற்றும் அமைப்போடு ரோபோகாப்பி (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) பயன்படுத்துங்கள்.

பாதகமான ஆவணத்தையும் பட்டியலில் காட்டியே ஆகணும். சாதகமானதை மட்டும் தேடும் வேலை இல்லை இது. வெளிப்படுத்தாத ஆவணத்தைப் பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் நம்பி வாதாட முடியாது. 30 நாள் போதாவிட்டால் காரணம் காட்டி, செலவுத்தொகை கட்டி, சம்மன் கிடைத்ததிலிருந்து 120 நாள் வரை போகலாம். அதற்கு மேல் நீதிபதியே நினைத்தாலும் முடியாது. உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நூல்கண்டு:
ஹாஷ் பட்டியல் இன்று ஓடுகிறது. தேடி முடித்த பிறகு எதுவும் விடுபடவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபான்ட் வைத்தியர்:
எந்தச் சொல்லுக்கும் சிக்காத கோப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் 300 எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் வழக்குக்குச் சம்பந்தப்பட்டது ஒன்றும் இல்லை என்றால், மிச்சத்தில் விடுபட்டது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். சிக்கினால், ஏன் தேடலில் வரவில்லை என்று கோப்பு வாரியாகப் பிரியுங்கள். அநேகமாக ஃபான்ட், ஓசிஆர், சொல் வடிவம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சரிசெய்து, மறுபடி வேறு 300. பக்கத்துக்கு ஐம்பது எழுத்துக்கும் குறைவாக உரை வந்த பிடிஎஃப்களை மட்டும் குலுக்கலுக்கு விடாமல் முழுசாகக் கண்ணால் பாருங்கள். கையெழுத்து டெலிவரி சலான்கள் அங்கேதான் கிடக்கும், ஓசிஆர் அவற்றைப் படிக்காது.