பொருள்: மறு: ‘நியூசன்ஸ் அலிகேட்டர்’ – தொல்லை முதலை சரிவராது

குழுவினருக்கு வணக்கம்.

இங்கே அரசுத் தாளில் வரும் ‘நியூசன்ஸ் அலிகேட்டர்’ என்ற முதலைப் பெயருக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், பதினொரு மடல் வந்துவிட்டது. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, சேர்த்தே எழுதுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: நான் இருப்பது புளோரிடாவில், ஒர்லாண்டோவுக்கு வெளியே ஒரு குடியிருப்பில். இங்கே பல வீடுகளில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கிப் போகிறார்கள். சாயங்காலம் ஆனால் குட்டைக் கரையில்தான் நடை. அந்தக் குட்டைகளில் முதலை உண்டு என்பதால், அவர்களுக்குத் தமிழில் ஒரு பக்க எச்சரிக்கை அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வரைவில் ‘தொல்லை தரும் முதலையைக் கண்டால் தெரிவிக்கவும்’ என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். அப்புறம் சன்னல் வழியே குட்டையைப் பார்த்துவிட்டு, “அது என்னடா தொல்லை பண்ணுச்சு? சும்மாதானே படுத்திருக்கு” என்றார். குட்டையின் அந்தக் கரையில் ஆறடி நீளத்துக்கு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

> சட்டத் தமிழில் ‘பொதுத் தொல்லை’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதையே ஒட்டிவிடலாமே?

ஐயா, ஒட்டலாம்தான். ஆனால் இங்கே அந்தப் பெயர் முதலையின் நடத்தையை வைத்து வருவதில்லை. புளோரிடா மீன், வனவுயிர்ப் பாதுகாப்பு ஆணையம் 1978-லிருந்து இதற்கென்று ஒரு திட்டம் நடத்துகிறது. அவர்கள் கணக்கில், ஒரு முதலை ‘நியூசன்ஸ்’ ஆக, குறைந்தது 4 அடி நீளம் இருக்க வேண்டும்; ஆளுக்கோ, வளர்ப்புப் பிராணிக்கோ, உடைமைக்கோ ஆபத்து என்று பார்த்தவர் நம்ப வேண்டும். அவ்வளவுதான். பார்த்தவர் தொலைபேசியில் சொன்னதும், தகுதியான புகார் என்றால், ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் பிடிகாரர் ஒருவருக்கு அந்த முதலையைப் பிடிக்க அனுமதி போகிறது. அவருக்குப் பெரிய சம்பளம் எதுவும் கிடையாது. தோலையும் இறைச்சியையும் விற்றுத்தான் காசு பார்க்கிறார். ஆம், பிடிபட்டது பெரும்பாலும் கொல்லப்படும். வேறு ஏரியில் கொண்டுபோய் விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவரப் பார்க்கும். வழியில் சாலைகளையும் வீடுகளையும் கடக்கும். அந்த வேறு ஏரியிலும் ஏற்கெனவே முதலை இருக்கும். மாநிலத்தின் 67 மாவட்டங்களிலும் இருக்கின்றன, மொத்தம் ஏறத்தாழ 13 லட்சம்.

ஆக, நேற்றுவரை சும்மா படுத்திருந்த முதலை இன்று ஒரு தொலைபேசி அழைப்பில் ‘நியூசன்ஸ்’ ஆகிறது. நம் சொல் அந்த அழைப்பைக் காட்ட வேண்டும். ‘ஆட்கொல்லி முதலை’ என்று எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது: சீண்டாமலே கடித்து, மருத்துவரிடம் போகுமளவுக்குக் காயமாவது மாநிலம் முழுக்க ஆண்டுக்குச் சராசரியாக எட்டுப் பேர். மாநிலத்தில் இருப்பவருக்கு அப்படி நேர ஏறத்தாழ 31 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்பது ஆணையத்தின் கணக்கு. ஆட்கொல்லி என்று எழுதினால் எங்கள் பெரியவர்கள் வீட்டை விட்டே இறங்க மாட்டார்கள்.

> புகார் முதலை. சின்னது, தெளிவானது.

இதற்குத்தான் நான் முதலில் கை தூக்கினேன். ஆனால் அடுத்த மடலிலேயே புலவர் ஐயா போட்டு உடைத்துவிட்டார். புகார் என்றால் பழந்தமிழில் ஆறு கடலில் புகும் இடம். ஆகவே ‘புகார் முதலை’ என்றால் கழிமுகத்து முதலை, அதாவது நம்மூர் உவர்நீர் முதலை என்றுதான் தமிழ் படித்தவர் கொள்வாராம். சிரித்து முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. சரி, விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது ‘பிடியாணை முதலை’. வாரண்டுக்கு அவர்கள் அன்றாடம் புழங்கும் சொல். இதுதான் பொருந்துகிறது என்பது என் கட்சி. குற்றம் முதலை மேல் விழவில்லை. ஒருவர் முறையிட்டார், ஓர் அலுவலகம் ஆணை கொடுத்தது, ஆள் வருகிறார் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. அரசுத் தாளில் வரும் அந்த வகைப்பெயருக்கு இதையே வைத்துக்கொள்கிறேன். அறிவிப்பில் இது ஒரே ஒரு தடவைதான் வரும்.

அறிவிப்புக்கு உண்மையில் வேண்டிய சொல் வேறு. ‘ஹேபிச்சுவேட்டட்’ என்கிறார்களே, அது. முதலைக்கு இயல்பிலேயே மனிதரைக் கண்டால் ஒதுங்கும் குணம் உண்டு. ஒருவர் ரொட்டித் துண்டு போடுகிறார், இன்னொருவர் மீன் கழித்த குடலை வீசுகிறார். நாளடைவில் அந்தக் குணம் போய், மனிதர் வந்தால் இரை வரும் என்று அதன் தலையில் பதிந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே காட்டு முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

> பழகிய முதலை / பழக்கப்பட்ட முதலை

கூடவே கூடாது. ‘பழகிய’ என்று படித்தால் அம்மாக்கள் கிட்டே போய்ப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். நம் தமிழில் பழகிய மாடு முட்டாது, பழகிய நாய் கடிக்காது. இங்கே நிலைமை நேர் தலைகீழ். பழகியதுதான் கரையேறி வரும்.

இதற்கும் அம்மாதான் வழி சொன்னார். நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “ஓ, அதுக்குக் குளிர் விட்டுப்போச்சுன்னு சொல்லு” என்றார். துள்ளிக் குதித்தேன். பயம் போய்விட்டது என்பதைச் சொல்லித் திட்டவே தமிழில் இருக்கும் சொல்! ‘குளிர்விட்ட முதலை’ என்று எழுதியும் வைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இது குளிர் ரத்தப் பிராணி. காற்றின் வெப்பம் 70 ஃபாரன்ஹீட் (ஏறத்தாழ 21 செல்சியஸ்) அளவுக்குக் கீழே இறங்கினால் ஏறத்தாழ இரையெடுப்பையே நிறுத்திவிடும். பங்குனி வாக்கில் வெயில் ஏறியதும் நடமாட்டம் தொடங்கும், ஏப்ரல் முதல் இணை தேடி அலையும். குளிர் விட்டால் எல்லா முதலையும்தான் குளிர்விட்ட முதலை! பேச்சுக்கு நல்லது, கலைச்சொல்லுக்கு உதவாது.

ஆகவே என் முன்மொழிவு: ‘பயந்தெளிந்த முதலை’. அந்த நிலைக்குப் ‘பயந்தெளிவு’. ‘பயம் தெளிஞ்சிடுச்சு’ என்று வீட்டில் சொல்வதுதான், புதிதாக ஒன்றும் இல்லை. கோயில் குரங்குக்கும் செல்லும், தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் யானைக்கும் செல்லும்.

மற்றவற்றை வேகமாக முடிக்கிறேன். அலிகேட்டருக்குக் ‘கராம்’ என்றும் ‘இடங்கர்’ என்றும் மூவர் எழுதியிருந்தீர்கள். குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்வது உண்மை. ஆனால் அவை நம் ஆற்று நீரில் கிடந்தவற்றின் பெயர்கள். அமெரிக்கப் பிராணிக்குத் தாரை வார்க்க எனக்கு மனம் வரவில்லை. ‘அலிகேட்டர்’ என்பதே பல்லி என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து சிதைந்து வந்ததுதான், அப்படியே இருக்கட்டும். பொதுவாக முதலை என்றும் விட முடியாது. தென்புளோரிடாவில் இந்த அகன்ற மூக்கு அலிகேட்டரும் ஒடுங்கிய மூக்கு அமெரிக்க முதலையும் சேர்ந்தே இருக்கின்றன. முதல் வரியில் ‘அலிகேட்டர் முதலை’, பிறகு வெறும் முதலை என்று எழுதுகிறேன்.

‘ரிடென்ஷன் பாண்ட்’ எனப்படும் குட்டைக்குத் ‘தாங்கல்’ என்று செங்கல்பட்டு நண்பர் சொன்னது அருமை. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது, நமக்குத்தான் மறந்துபோயிற்று. கூரையிலும் சாலையிலும் விழும் மழைநீரைத் தாங்கி வைக்க, 1980-களிலிருந்து இங்கே புதுக் குடியிருப்புகள் இதைத் தோண்டியே ஆக வேண்டும். வீடு விற்பவர்கள் இதை ‘ஏரிப் பார்வை’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். மழைநீர்த் தாங்கல் என்று எழுதினால், இது குளிக்கும் குளமும் அல்ல, மீனுக்குப் பொரி போடும் தெப்பக்குளமும் அல்ல என்பது பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பொரி என்று சும்மா எழுதவில்லை. போன மாதம் எங்கள் அம்மாவே மிஞ்சிய சோற்றை ஆமைகளுக்கு உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆமையும் மீனும் கூடும் இடத்துக்கு வேறு யார் வருவார் என்று யோசிக்கவில்லை.

> ‘நீரில் இறங்காதீர்’ என்ற ஒரு வரி போதாதா? இத்தனை சொல் எதற்கு?

போதாது ஐயா. 2016 ஜூனில் ஒர்லாண்டோ அருகே பெரிய விடுதி ஒன்றின் செயற்கை ஏரிக்கரையில், ஓரத்து நீரில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப்போயிற்று. அங்கே பலகை இருந்தது. நீந்தாதே என்று இருந்தது, முதலை என்ற சொல் இல்லை. அந்தக் குழந்தை நீந்தவும் இல்லை. அதற்குப் பிறகுதான் முதலையின் பெயரும் படமும் போட்ட பலகைகள் நட்டார்கள்.

சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பயந்தெளிவில் ‘பயம்’ வடசொல், ‘அச்சந்தெளிவு’ ஆக்கு என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள், ஆனால் அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் மாற்றுவேன்.