உப்புவெளி ஒழுங்கைக் குழு: மோட்டார் களவு போன அன்று

செல்வம் மாமா, காலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணி மோட்டாரை இரவு யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாயை அறுத்து, வயரையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பாத்திமா, 6.15
அல்லாஹ்! மாமி பயந்துபோனாவா மாமா? தண்ணீருக்கு யோசிக்காதீர்கள், எங்கள் குழாயில் பிடியுங்கள். மகனிடம் வாளியும் கொடுத்து அனுப்புகிறேன்.

கஜன், 6.31
நேற்றுப் பின்னேரம் ஒரு பெடியன் ஒழுங்கை முனையில் கனநேரம் நின்றான். எங்கள் கமராவில் முகம் விழுந்திருக்கிறது. பாருங்கள்.
[இந்தத் தகவல் அழிக்கப்பட்டது]

ரவி அண்ணா, 6.33
இவனாகத்தான் இருக்கும். நிலாவெளி, சாம்பல்தீவு குழுக்களுக்கும் படத்தைப் போடுவோம். பிடிபட்டால் போஸ்டில் கட்டிவைத்து நாலு போட வேண்டும்.

வசந்தி ரீச்சர், 6.40
கஜன், முதலில் அந்தப் படத்தை இங்கிருந்து எடு தம்பி. ஒழுங்கையில் நின்றான் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். நாளைக்கு அவன் எடுக்கவில்லை என்று தெரியவந்தாலும் படம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவனுக்கும் ஒரு தாய் இருப்பா. ஆனால் கமராப் பதிவை அழித்துவிடாதே. இடம் நிரம்பினால் கமரா பழையதன் மேலேயே பதியும், அதனால் இன்றைக்கே பென்டிரைவில் எடுத்து வை. அதைப் பொலிசிடம் கொடுப்போம்.

ரவி, அடிக்கிற கதை வேண்டாம். நம் கண்முன்னே களவெடுப்பவனை நாம் பிடித்து வைக்கலாம், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பிடித்தால் தாமதிக்காமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டிவைத்து அடித்தால் வழக்கு நம்மேல் வரும்.

கஜன், 6.42
சரி அக்கா, எடுத்துவிட்டேன். பதிவு பத்திரமாக இருக்கிறது.

செல்வம் மாமா, 6.50
பொலிசுக்குப் போய் என்ன பிள்ளை வரப்போகிறது? ஒரு பகல் போய்விடும். சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வை என்பார்கள். என்ன எழுதினார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேறொரு மோட்டார் வாங்குவதே லேசு.

வசந்தி ரீச்சர், 7.04
மாமா, கோபிக்காமல் கேளுங்கள். இந்த மழை தொடங்கிய பிறகு பின்வீட்டில் காஸ் சிலிண்டர் போனது, முனை வீட்டில் சைக்கிள் போனது, இப்போது உங்கள் மோட்டார். ஒருவரும் முறைப்பாடு கொடுக்கவில்லை. பொலிஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இந்த ஒழுங்கையில் ஒரு களவும் நடக்கவில்லை என்றுதான் இருக்கும். பிறகு இரவில் ரோந்து வரவில்லை என்று நாமே இந்தக் குழுவில் எழுதுகிறோம். எதைப் பார்த்து அவர்கள் வர வேண்டும்?

மொழி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியான கவலை. வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. அடுத்த வருடம் வந்த 16ஆம் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழ்தான் நிர்வாக மொழி. அந்த நேரத்தில் தமிழ் எழுதக்கூடியவர் இல்லை என்றால், எப்போது வருவார் என்று கேட்டு அப்போது போவோம். இது கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை மாமா, உரிமை. நான் கூட வருகிறேன். மோட்டார் வாங்கிய பில் இருந்தால் எடுத்து வையுங்கள், அதில் தொடர் இலக்கம் இருக்கும். பழைய சாமான் கடையில் ஒரு மோட்டார் அகப்பட்டால் அது உங்களுடையது என்று காட்ட அந்த இலக்கம்தான் வேண்டும்.

மாலா, 7.20
ரீச்சர், நான் இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலால் வரும்போது, யுத்தக் கல்லறை தாண்டி இருட்டாக இருக்கிற இடத்தில், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் என் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். அறவில்லை. கழுத்தில் கீறல்தான். சங்கிலி போகவில்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவே இல்லை.

பாத்திமா, 7.22
மாலா, எனக்காவது சொல்லியிருக்கலாமே. இனித் தனியாக வர வேண்டாம், நான் மகளை ரியூஷனால் கூட்டிவரும் நேரம் சேர்ந்தே வருவோம்.

வசந்தி ரீச்சர், 7.26
மாலா, பறிக்க முயன்றதே குற்றம்தான். சங்கிலி இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்டால் அதே இடத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொருவரின் கழுத்தில் கை வைப்பார்கள். கீறல் ஆறுவதற்குள் ஒரு படம் எடுத்து வையுங்கள். விருப்பம் என்றால் நாளை இரண்டு பேரும் போவோம். பெண் உத்தியோகத்தரிடம் சொல்லக் கேட்கலாம்.

ரவி அண்ணா, 7.41
அந்த இடத்தில் லைட் எரியாமல் எவ்வளவு காலம்! நான் இன்று வேலைக்குப் போகும்போது எந்தெந்தப் போஸ்டில் எரியவில்லை என்று இலக்கத்தோடு எழுதி வருகிறேன். போஸ்ட் மின்சார சபையினுடையது, லைட் போடுவது பிரதேச சபை. அதனால் கடிதம் பிரதேச சபைக்குத்தான் போக வேண்டும். எல்லா வீட்டாரும் கையெழுத்து வையுங்கள். ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கும் கொடுப்போம்.

கஜன், 7.45
ஃபோன் வைத்திருக்கும் எல்லோரும் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்துங்கள். உங்கள் ஃபோனின் அடையாள எண் 15 இலக்கத்தில் வரும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஃபோன் களவு போனால் முறைப்பாட்டுக்கு அந்த எண் கட்டாயம் வேண்டும்.

வசந்தி ரீச்சர், 7.48
நல்லது கஜன். இன்னுமொன்று. இரவில் ஏதும் சத்தம் கேட்டால் முதலில் 119க்கு அடியுங்கள், குழுவில் எழுதுவது அதற்குப் பிறகு. கம்பு எடுத்துக்கொண்டு தனியாக வெளியே இறங்க வேண்டாம். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போய் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள், வீடு பூட்டியிருக்கும் என்று பக்கத்து வீட்டுக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள். இந்தக் குழுவில் போட வேண்டாம். ஒழுங்கையை விட்டுப் போனவர்களின் இலக்கங்களும் இன்னும் இதில் கிடக்கின்றன.

செல்வம் மாமா, பிற்பகல் 1.35
போய் வந்தோம். தமிழ் எழுதும் உத்தியோகத்தர் வரும் வரை கொஞ்சம் இருக்க வேண்டியிருந்தது. எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைத்தேன். முறைப்பாட்டு இலக்கமும் தந்தார்கள். கஜன் தந்த பதிவையும் கொடுத்தாயிற்று.

மாலா, 1.52
நாளை நானும் வருகிறேன் ரீச்சர். எத்தனை மணிக்கு?

வசந்தி ரீச்சர், 1.53
9 மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

செல்வம் மாமா, 2.10
புது மோட்டாருக்கு இரும்புக் கூடு அடித்துப் பூட்டுப் போட வேண்டும். நல்ல வெல்டிங்காரர் யாரையும் தெரியுமா?

ரவி அண்ணா, 2.14
அலஸ்தோட்டத்தில் ஒருவர் இருக்கிறார் மாமா. வேலை முடிந்து வரும்போது கூட்டி வருகிறேன், அளவெடுக்கட்டும்.