இளைஞர் நிதி: முடிவெடுப்பதையும் அவர்களிடமே கொடுப்போம்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

பிள்ளைகள் செய்ய நினைக்கும் வேலைகளுக்குப் பணம் கொடுக்க நம் சங்கத்தில் இளைஞர் நிதி ஒன்று தொடங்கலாம் என்று செயலர் அண்ணன் அனுப்பிய மடலையும், அதற்கு வந்த பதில்களையும் ஒன்று விடாமல் படித்தேன். தொடங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பணமும் எப்படியோ திரண்டுவிடும், அதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் வந்த பதில்களில் பாதிக்கு மேல், பிள்ளைகள் என்னென்ன செய்யலாம் என்று நாமே போட்ட பட்டியல்தான். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆறு பேர் ஒரு நிதிக்கு விண்ணப்பித்தார்கள். புதிதாகக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் சேர்ந்தால், முதல் சில வாரம் ஒருவர் கூடவே இருப்பது. சேர்ந்து நடந்து போவது, இடைவேளையில் பக்கத்தில் உட்காருவது, சனிக்கிழமை வெளியே அழைத்துப் போவது. திட்டம் அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: "திட்டத்தின் அளவிடக்கூடிய விளைவு என்ன?" அதற்கு அந்தக் குழுவில் ஒரு பெண் பென்சிலால் எழுதியிருந்தாள்: "முதல் நாள் இடைவேளையில் யாரும் தனியாக நிற்க மாட்டார்கள்." இப்படி எழுதினால் தர மாட்டார்கள் என்று நான் அதை அழித்துவிட்டு, "சமூக ஒருங்கிணைப்பு மேம்படும்" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அவள் எழுதியதை அப்படியே விட்டிருக்க வேண்டும். அது அளவிடக்கூடியதும்கூட: யார் தனியாக நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று எண்ணிச் சொல்லலாம். நான் எழுதியதை எதை வைத்து அளப்பது?

நிதி கிடைத்தது. ஆனால் முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்து, ரசீதைக் காட்டி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ரசீதுகளை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்திருந்தான் ஒரு பையன். நான்கு மாதம் கழித்துக் கணக்குக் கொடுக்கலாம் என்று திறந்தால், பாதி ரசீதில் எழுத்தே இல்லை. வெப்பத்தாளில் அச்சடித்ததெல்லாம் அப்படித்தான், நாளானால் மங்கிவிடும். அன்றன்றே கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதைவிட மனதை அறுத்த விஷயம் வேறு. ஆறு பேரில் ஒருவன் மூன்றாவது வாரமே வருவதை நிறுத்திவிட்டான். கேட்டால் படிப்பு இருக்கிறது என்றான். பேருந்துக் காசை முன்னால் போட அவனிடம் இல்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் தனியாக நிற்கக் கூடாது என்று தொடங்கிய வேலையில், நிதி கொடுத்த விதமே ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: நம் நிதியில் பணம் முன்கூட்டியே கையில் போக வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, முடிவெடுப்பதற்கு வருகிறேன். ஒருவருக்கு "நான் இங்கே சேர்ந்தவன்" என்ற எண்ணம் எதனால் வருகிறது என்று மக்மில்லன், சாவிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986இல் நான்கு காரணங்கள் சொன்னார்கள். இந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்ற உணர்வு, என் சொல் இங்கே எடுபடும் என்ற நம்பிக்கை, என் தேவை இங்கே நிறைவேறும் என்ற உறுதி, சேர்ந்து கழித்த நாள்களால் வரும் ஒட்டுதல். முதலாவதையும் கடைசியையும் நம் சங்கம் நன்றாகவே செய்கிறது. பிள்ளைகளைப் படம் எடுக்கிறோம், மேடை ஏற்றுகிறோம், பரிசு தருகிறோம். இரண்டாவது, சொல் எடுபடுவது, அங்கேதான் நம்மிடம் குறை. நாம் முடிவு செய்த ஒன்றை அவர்கள் நடத்திக் கொடுத்தால் அது நம் வேலை, அவர்கள் உதவியாளர்கள். ஒன்றிரண்டு முறை வருவார்கள், அப்புறம் வரமாட்டார்கள். வளர்ந்த பிள்ளைகள் ஏன் சங்கப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தோன்றும் பதில் இதுதான்.

ராஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழே உள்ள மூன்று படிகள்: அவர்களைக் கருவியாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. இவை பங்கேற்பே அல்ல என்கிறார். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லாவற்றையும் பிள்ளைகளே தொடங்கி அவர்களே நடத்துவது ஏழாம் படி. உச்சியில் அவர் வைத்தது, பிள்ளைகள் தொடங்கிப் பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது. பிள்ளைகளே எல்லாம் செய்தால் நமக்கு என்ன வேலை என்று பதில் மடலில் கேட்ட ஐயாவுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நமக்கு இடம் இருக்கிறது, ஆனால் தொடங்கும் இடம் அவர்களுடையது.

இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. 2014இல் பாஸ்டன் நகராட்சி பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவழிப்பது என்பதை 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வாக்குக்கே விட்டது. ஃப்ரிடா என்ற இளம் பெண்ணியர் நிதியத்தில், விண்ணப்பித்த குழுக்களே மற்ற குழுக்களின் விண்ணப்பங்களைப் படித்து வாக்களித்து, யாருக்குப் பணம் என்று தீர்மானிக்கிறார்கள். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிடைக்காமல் போனவர்களுக்கும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது, அறிமுகமும் ஆகிவிடுகிறது.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள், ஐரோப்பிய ஒன்றியம் இளைஞர்களுக்காக நடத்தும் ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படையின் (European Solidarity Corps) ஒருமைப்பாட்டுத் திட்டங்களைப் பாருங்கள். 18 முதல் 30 வயதுக்குள் ஐந்து பேர் சேர்ந்தால் போதும், பதிவு செய்த அமைப்பு இல்லாமலே விண்ணப்பிக்கலாம். 2 மாதம் முதல் 12 மாதம் வரை நடத்தலாம். வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளவும் அதில் தனியாகப் பணம் உண்டு. முடிவெடுக்காமல் துணை நிற்கும் பெரியவருக்கு அங்கே ஒரு பெயரும் ஓர் இடமும் கொடுத்திருக்கிறார்கள், அது எனக்கு நிறைவாக இருந்தது.

நம் அளவுக்குப் பொருந்துவது 2009இல் பாஸ்டனில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷன் முறை என்று நினைக்கிறேன். பத்துப் பேர் ஆளுக்கு நூறு டாலர் போடுகிறார்கள். சேர்ந்த ஆயிரத்தை மாதம் ஒரு யோசனைக்கு நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். விண்ணப்பமும் சின்னது. நாம் செய்ய வேண்டியது ஒரே ஒரு மாற்றம்: பணம் போடுவது நாம், தேர்ந்தெடுப்பது பிள்ளைகள்.

தேர்வுக் குழுவில் ஏழு பேர் என்றால் ஐந்து பேர் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கட்டும். இளைஞர்கள் இரண்டே பேர் என்றால் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். எழுத வராதவர்கள் குரல்பதிவாக அனுப்பட்டும். யாருக்காக, யார் யார் சேர்ந்து செய்கிறீர்கள், எவ்வளவு வேண்டும், இப்போது வெளியே நிற்பவர் யார், அவரை எப்படி உள்ளே கொண்டுவருவீர்கள். இதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செலவுத் திட்டத்தில் பயணச் செலவு கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுக்குக் கேட்கத் தயக்கமாக இருக்கும், நாமே படிவத்தில் அச்சிட்டுவிடுவோம்.

பெரியவர்கள் பக்கம் வேலை நிறையவே இருக்கிறது. பதினெட்டு நிரம்பாதவர்கள் தங்கள் பெயரில் நிதி வாங்குவது பல இடங்களில் சிக்கல். அதனால் வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், கேட்ட அன்றே பணம் போகட்டும். காப்பீடு, இட அனுமதி, பெற்றோர் ஒப்புதல், சிறுவர் பாதுகாப்பு விதிகள், இவற்றை நாம் தூக்கிச் சுமக்கலாம். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்க வேண்டும், அதையும் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும்.

சில திட்டங்கள் நடக்காது. பாதியில் நின்றுபோகும். அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம். என்ன நடந்தது என்று அடுத்து வரும் குழுவிடம் வந்து சொன்னால் போதும். அறிக்கையும் அப்படித்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காமல், இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர், ஒரு கஷ்டம் என்றால் இந்தக் கூட்டத்தில் யாரைக் கூப்பிடுவாய் என்று அவர்களையே கேட்டு எழுதச் சொல்வோம்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு செயலர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பேரில் முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பதினைந்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால், கூட்டத்துக்கு முன் இந்த மடலை அவர்களிடம் படித்துக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து திருத்தாமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்