டிக்கெட் போட்டாச்சு, பள்ளியில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) தர மறுக்கிறார்கள்: பிள்ளைகளின் சான்றுகளுக்கு என்ன செய்வது?

கொங்குத்தாய்
வணக்கம், அவசரம். பெரியவன் ஒன்பதாவது, சின்னவள் நாலாவது. என் கணவர் வெளிநாட்டுக்கு முன்னாடியே போயிட்டார், இப்போ எங்களுக்கும் விசா வந்தாச்சு. பிப்ரவரி 12 டிக்கெட். பள்ளியில் டிசி கேட்டால் மூணாம் பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். டிசி இல்லாமல் அங்கே சேர்க்கவே மாட்டார்களாமே? சான்றுகளுக்கு அரசு ஒப்பம் வாங்கும் அட்டஸ்டேஷன், வெளிநாட்டில் செல்ல ஒட்டும் அப்போஸ்டில் வில்லை எல்லாம் சேர்த்து ஏஜென்ட் ஒருவர் பெரிய தொகை சொல்கிறார். கொடுத்துவிடலாமா? தூக்கமே இல்லை.

துபாய்க்கரை
அக்கா, டிசி இல்லாமல் கிளம்பாதீர்கள். டிசியில் முதலில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், அடுத்து அமீரகத் தூதரகம், இங்கே வந்தபின் அமீரக வெளியுறவு அமைச்சகம். இந்த வரிசை மாறினால் அடுத்த மேசையில் வாங்க மாட்டார்கள். ஏஜென்ட் அப்போஸ்டில் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அமீரகமும் கத்தாரும் குவைத்தும் அப்போஸ்டிலை ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை, அந்த வில்லை இங்கே செல்லாது. சவூதி, ஓமான், பஹ்ரைன் என்றால் அப்போஸ்டில் போதும். அசல் டிசியைப் பள்ளியே வைத்துக்கொள்ளும், அதனால் கொடுக்கும் முன் இரு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஸ்கார்பரோவாசி
எந்த நாடென்றே அக்கா சொல்லவில்லை, அதற்குள் தூதரகம் வரை போயாச்சா? நான் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் டிசியை யாரும் கேட்பதில்லை. இங்கே எல்லாமே வீட்டு முகவரிதான். எந்தத் தெருவில் இருக்கிறீர்களோ அந்தத் தெருவுக்கு உரிய பள்ளி. வாடகை ஒப்பந்தத்தில் அப்பா அல்லது அம்மா பெயர் இருக்க வேண்டும். நண்பர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒப்பந்தமே இல்லாமல் இருப்பவர்கள்தான் பதிவு மேசையில் மாட்டுகிறார்கள். முதலில் வீட்டைப் பாருங்கள். பனிக்காலத்தில் வீடு தேடுவது கொடுமை.

துபாய்க்கரை
யாரும் கேட்பதில்லை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள் அண்ணா. அதை நம்பி வளைகுடாவுக்கு வந்தால் பிள்ளை வீட்டில்தான் உட்கார வேண்டும்.

ஆவடிக்காரன்
கட்டணத்துக்காக டிசியைப் பிடித்து வைப்பதுதான் இங்கே பெரிய அநியாயம். கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல டிசி என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பாக்கி இருக்கிறது என்று டிசியில் எழுதவும் கூடாது. இத்தனைக்குப் பிறகும் அலைய விடுகிறார்கள்.

நெய்வேலி நிலா
பள்ளி ஒரு பக்கம் என்றால் ஏஜென்ட் இன்னொரு பக்கம். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். மிச்சமெல்லாம் அவர்கள் சேவைக்கும் நம் பயத்துக்கும். யாரைத்தான் நம்புவது?

பதிவேடு
பள்ளி அலுவலக வேலை எனக்குப் பழக்கம். அம்மா, ஐந்து விஷயம் சொல்லுங்கள். எந்த நாடு, எந்த ஊர்? மெட்ரிக்கா, சிபிஎஸ்இயா? பிள்ளைகள் பிறந்த ஆண்டும் மாதமும் என்ன? பள்ளியில் பெயர் எப்படி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது? கணவருக்கு என்ன விசா?

கொங்குத்தாய்
மன்னிக்கணும், பதட்டத்தில் விட்டுப்போச்சு. கனடா, ஒன்டாரியோவில் பிராம்ப்டன். அவருக்கு வேலை அனுமதி இருக்கிறது. மெட்ரிக் பள்ளி. பெரியவன் 2011 ஜூலை, சின்னவள் 2015 அக்டோபர். பள்ளியில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது. சின்னவளின் பிறப்புச் சான்றில் பெயரே இல்லை, "பெண் குழந்தை" என்றுதான் இருக்கிறது.

பதிவேடு
அப்படியானால் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கனடா 2024 ஜனவரியிலிருந்து ஹேக் ஒப்பந்தத்தில் இருப்பது உண்மை. ஆனால் பள்ளியில் சேர்க்க அப்போஸ்டில் கேட்பதில்லை.

இன்றே செய்ய வேண்டியது பிறப்புச் சான்று. பிறந்த பதிவு எந்த மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியில் இருக்கிறதோ அங்கே பெயர் சேர்க்க மனு கொடுங்கள். முதல் ஓராண்டுக்குள் இலவசம், அதற்குப்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் அப்படியே வரட்டும், பாஸ்போர்ட் நகலை மனுவோடு வையுங்கள். பதிவானதும் கணினிச் சான்றாகத் தமிழும் ஆங்கிலமுமாக வரும், தனியாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பள்ளியில் டிசிக்கு எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். அது நடக்கும்போதே இரண்டு பிள்ளைக்கும் படிப்புச் சான்று கேளுங்கள். எந்த வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து, பயிற்று மொழி என்ன என்று பள்ளியின் தலைப்புத் தாளில், புகைப்படத்தின் மேல் பாதி விழுகிற மாதிரி முத்திரையோடு. இதற்கு மறுப்பு சொல்வது அரிது. இதிலாவது பாஸ்போர்ட் பெயரை முழுதாக எழுதி, "பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலோடு உள்ளவரும் இவரும் ஒருவரே" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பல கேள்விகளை அடைத்துவிடும்.

டிசி கனடாவுக்குத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்குத் திரும்பி வந்தால் இங்கே கேட்பார்கள். டிசி கொடுத்தபின் எமிஸில் (தமிழகப் பள்ளி மாணவர்களின் கணினிப் பதிவேடு) பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டு, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் பழைய பள்ளி வருகைப் பதிவிலேயே பெயர் கிடக்கும், வேறு பள்ளி சேர்க்க முடியாது.

ஸ்கார்பரோவாசி
இப்போது விவரம் தெரிந்துவிட்டது. இங்கே வகுப்பைப் பிறந்த ஆண்டு பார்த்துத்தான் போடுவார்கள், வெட்டுத்தேதி டிசம்பர் 31. 2015-இல் பிறந்த சின்னவள் ஐந்தாம் வகுப்பில் உட்காருவாள், அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பெரியவனுக்கு ஒன்பதாவதே. ஆனால் ஒன்பதிலிருந்து கணக்கு வேறு: பள்ளி முடிக்க 30 கிரெடிட் (பாடம் தேறினால் கிடைக்கும் அலகு) வேண்டும். அங்கே படித்ததற்கு எத்தனை கிரெடிட் என்று தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வார். ஆறாவதிலிருந்து ஆண்டுப் பட்டியல்கள், இந்த வருஷக் காலாண்டு, அரையாண்டு, எல்லாம் ஒப்பமும் முத்திரையுமாக வேண்டும். பல பள்ளிகளில் இரண்டாம் பருவம் பிப்ரவரித் தொடக்கத்தில் தொடங்கும். 12-ஆம் தேதிக்குப் பதில் ஜனவரி கடைசி வாரம் வர முடிந்தால் பையனுக்குப் பெரிய உதவி. கணிதமும் ஆங்கிலமும் சோதித்துப் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம்.

பதிவு மேசைக்குப் பிள்ளைகளின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, உங்கள் கணவரின் வேலை அனுமதி, முகவரிக்கு இரண்டு சான்று. வேலை அனுமதி இருப்பவரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. அந்தத் தாளை மறந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

கொங்குத்தாய்
ரொம்ப நன்றி. தடுப்பூசி அட்டை போதுமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் போட்டாச்சு.

ஸ்கார்பரோவாசி
போதாது, இதில்தான் நம் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள். தட்டம்மைக்கு அரசுத் திட்டத்தில் போடும் ஊசியில் ரூபெல்லா மட்டும்தான் சேர்ந்திருக்கும். இங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் இரண்டு தவணை வேண்டும். முதல் தவணை முதல் பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்டிருக்க வேண்டும், ஒன்பதாம் மாதத்தில் போட்டது கணக்கில் வராது. 2010-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குச் சின்னம்மை ஊசியும், எல்லோருக்கும் மெனிங்கோகாக்கல் என்ற மூளைக்காய்ச்சல் ஊசியும் கேட்பார்கள். குழந்தை மருத்துவரிடம் போய் இப்போதே எம்எம்ஆர் ஒரு தவணை போட்டுவிடுங்கள், அடுத்ததற்குக் குறைந்தது 4 வாரம் இடைவெளி. அட்டையை ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். தேதியில் மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராக எழுதச் சொல்லுங்கள், 03/04 என்றால் இங்கே மார்ச்சா ஏப்ரலா என்று குழம்புவார்கள். பள்ளியில் கொடுத்தால் மட்டும் போதாது, பிராம்ப்டன் அடங்கிய பீல் வட்டாரத்தின் பொது சுகாதாரத் துறையில் நீங்களே பதிய வேண்டும். பதியாமல் விட்டால் 20 பள்ளி நாள் வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று நிறுத்த அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது.

பதிவேடு
அம்மா, எல்லா அசலையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். டிசியை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு எந்த முத்திரையும் அதில் வைக்க முடியாது.