‘ஆஃப்-கேசிங்’: வளியூறல் எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாகர்கோவிலில் விலங்கியல் மாணவர்களுக்காக, பதப்படுத்திய உயிரினங்களைக் கையாளும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறோம். ‘ஆஃப்-கேசிங்’ (off-gassing: ஒரு பொருள் தன்னுள்ளிருந்து வளியை மெல்ல வெளிவிடுவது) என்ற சொல் வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. அதற்கு நம் குழுவில் திருவட்டாறு ஐயா சொன்ன ‘வளிக்கசிவு’ எளிதில் புரிகிறது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

கசிவு என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடைத்தால் நின்றுவிடும் என்று தோன்றும். இங்கே பொருளே ஊற்றுக்கண். பூச்சி அரிக்காமலிருக்க முற்காலத்தில் விலங்குத் தோல்களில் மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பைப் பூசினார்கள். பல பத்தாண்டுகள் கழிந்தும் அதிலிருந்து பாதரச ஆவி வந்துகொண்டிருக்கும். மூடிய கண்ணாடி அலமாரிக்குள் சேர்ந்து நின்று, கதவைத் திறப்பவர் முகத்தில்தான் படும். அதற்கு வாசனையும் கிடையாது. உயிரினங்களைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் உள்ள சாடி மூக்கை எரித்தாவது எச்சரிக்கும். அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

ஃபார்மலினுக்கு ‘ஆவியாதல்’, நாப்தலீன் உருண்டைக்குப் ‘பதங்கமாதல்’ என்று பாடநூல் சொற்கள் உண்டு. இவையெல்லாம் அடங்கும் ஒரு சொல்தான் தேவை. ‘உமிழ்வு’ என்றால் வாகனப் புகைதான் நினைவுக்கு வரும்.

ஆகவே ‘வளியூறல்’ என்கிறேன். கிணற்றில் நீர் ஊறுவதுபோல் உள்ளிருந்து, மெதுவாக, ஓயாமல் வருவது. வினையாகவும் வளையும்: வளியூறும் மாதிரி, வளியூறும் மரம். தீங்கானது என்றால் ‘நச்சு வளியூறல்’.

> ‘ஊறல்’ என்றதும் நாளிதழில் வரும் சாராய ஊறல்தான் ஞாபகம் வருகிறது. மரம் என்கிறீர்களே, அலமாரிப் பலகைக்கும் இச்சொல் பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும் ஐயா. நம் கடற்கரையில் சேகரித்த சங்கு, சோழிகளை மர இழுப்பறையில் பூட்டிவைத்தால், பலகையிலிருந்து ஊறும் அசிட்டிக் அமில ஆவி ஓட்டின் சுண்ணத்தைத் தின்னும், மேலே வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்து ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். 1899இல் பைன் (Byne) என்பவர் இந்த அரிப்பை விவரித்தார். நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்குண்டு என்று அவர் கருதினார், ‘பைன் நோய்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. இது நோயே அல்ல. ‘வளியூறலால் வந்த அரிப்பு’ என்று எழுதினால், மாணவர் மருந்து தேடாமல் பலகையை மாற்றுவார்.

சாராய ஊறல் பற்றிய தயக்கம் நியாயமானதே. ‘வளி’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

வேறு மறுப்பு இல்லையென்றால், அலமாரிக் கதவில் ஒட்டும் அட்டைக்கு இந்த வாசகத்தையே வைக்கிறேன்: ‘நச்சு வளியூறல் உண்டு. சன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறையோடு எடுக்கவும்.’