ட்ரோன் மளிகை டெலிவரி: பேங்க்ல ரிப்போர்ட்டைத் திருப்பி விட்டாங்க, எங்க தப்பு?

காளப்பட்டி கடைக்காரன்:
வணக்கங்க. கோயம்புத்தூர் காளப்பட்டில 11 வருஷமா மளிகைக்கடை. சுத்தியும் அபார்ட்மென்ட் வந்துருச்சு. 3 கி.மீ.க்குள்ள ட்ரோன்ல டெலிவரி பண்ணலாம்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டேன். ட்ரோன் 6 லட்சம், 2 கிலோ தூக்கும், 25 நிமிஷம் பறக்கும்னு கேட்டலாக்ல இருக்கு. பேட்டரி ஒண்ணு 18,000. பைலட் 25,000, உதவிக்கு ஒரு பையன் 15,000 சம்பளம். நாளைக்கு 20 ஆர்டர், டெலிவரிக்கு 30 ரூபாய். மேனேஜர் படிச்சுட்டு "ஒரு டெலிவரிக்கு உங்களுக்கு என்ன செலவாகும்?"னு மட்டும் கேட்டாரு. முழிச்சேன். அதுக்கு அடுத்த நாளே ரிப்போர்ட் திரும்பி வந்துருச்சு.

பேரேடு:
அவர் கேட்டது நியாயமான கேள்விங்க. உங்க எண்களையே போட்டுப் பாத்தேன். பேட்டரி 250 தடவை சார்ஜுக்குத் தாங்கும்னு வெச்சா ஒரு பறப்புக்கு 72 ரூபாய். ரெண்டு பேர் சம்பளம் 40,000, 25 நாள், நாளைக்கு 20 டெலிவரி: 80 ரூபாய். ட்ரோன் 3 வருஷத்துல 900 நாள் ஓடினா 33. ஆக 185. இன்சூரன்ஸ், ரிப்பேர் இன்னும் சேக்கல. 350 ரூபா பில்லுல உங்களுக்கு என்ன நிக்கும்?

காளப்பட்டி கடைக்காரன்:
40, 45 ரூபாய்ங்க. சர்க்கரைன்னா அதுவும் இல்ல.

நாலு இறக்கை:
நான் ட்ரோன் பைலட் சான்றிதழ் வெச்சிருக்கேன். செலவு இருக்கட்டும், அதுக்கு முன்னாடியே நிக்குது. ட்ரோன் விதிகள் 2021 படி, எங்க பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சிருக்காங்க. விமான நிலைய எல்லைலருந்து 5 கி.மீ. வரைக்கும் சிவப்பு. மத்திய அரசு அனுமதி இல்லாம காத்தாடி அளவு ட்ரோனைக்கூடத் தூக்க முடியாது. உங்க கடை எங்க இருக்குன்னு பாருங்க, ஏர்போர்ட் பக்கத்து வீடு மாதிரி!

சரி, பச்சைலயே இருக்குன்னு வெச்சுக்கோங்க. 400 அடிக்குக் கீழ, அதுவும் கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் ஓட்டணும். 3 கி.மீ. தள்ளிப் போற ட்ரோனை யார் பாக்கறது? அதைத் தாண்டி ஓட்ட தனி அனுமதி வேணும். 2021-ல தெலங்கானா விகாராபாத்ல மருந்து கொண்டு போனது அப்படி வாங்கித்தான். மருந்துக்குக் குடுத்தாங்க, மல்லித்தழைக்குக் குடுப்பாங்களான்னு யோசிங்க.

அந்த 25 நிமிஷம் சும்மா பறந்தா. சுமை ஏத்தினா நல்லாவே குறையும். அதுக்கு மேல ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய்லருந்து வர்றது தெரியும்ல? நொடிக்கு 12 மீட்டர் போற ட்ரோனுக்கு எதிர்காத்து 8 மீட்டர் அடிச்சா, தரைல நகர்றது 4 மீட்டர்தான். 2.5 கி.மீ. போகவே 10 நிமிஷம் தாண்டும். திரும்பி வர்ற பேட்டரி?

மூணாவது மாடி:
நான் கஸ்டமர் பக்கத்துலருந்து கேக்கறேன். பொட்டலத்தை எங்க இறக்குவீங்க? எங்க அசோசியேஷன் செக்ரட்டரி மொட்டை மாடில வத்தல் காயப்போடவே விட மாட்டேங்கறாரு. பால்கனிக்கு வந்தா கொசுவலை, கொடிக்கயிறு, கேபிள் ஒயரு.

காளப்பட்டி கடைக்காரன்:
மேப்பு பாத்தேங்ணா. கடையும் சிவப்பு, பாதிக் கஸ்டமரும் சிவப்பு. ரிப்போர்ட்டு எழுத 4,000 குடுத்தேன், அந்த ஆளு இதை ஒரு வரி சொல்லல. இனி பைக்குல பையன்தான். ஆனா ட்ரோன் ஆசை விடல. மச்சான் ஊரு அன்னூர். மருந்து தெளிக்கற ட்ரோன் வாடகைக்கு விட்டா?

நாலு இறக்கை:
அது வேற கணக்கு, நல்ல கணக்கு. தோட்டத்துக்குள்ளயே கண்ணு முன்னாடி பறக்கும், காசு ஏக்கருக்கு. தெளிக்க வேண்டிய இடத்தை மேப்புல ஒவ்வொண்ணா பாத்துக்கோங்க. மச்சானுக்கு 18 வயசு ஆகி, பத்தாவது பாஸா இருந்தா பைலட் பயிற்சில சேரலாம். வாங்குற ட்ரோனுக்குத் தரச்சான்று இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பதிவு நம்பர் கிடைக்காது. சீசன் இல்லாத மாசத்துல வேலை இருக்காது, அதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க. மேனேஜர் அதைத்தான் முதல்ல கேப்பாரு.

காளப்பட்டி கடைக்காரன்:
துபாய்ல இருக்கற ஃபிரண்டு அங்கிருந்து ஒண்ணு கொண்டு வர்றேன்னான், பாதி விலைக்கு.

நாலு இறக்கை:
2022 பிப்ரவரிலருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. உதிரி பாகத்துக்குத்தான் இல்ல. கஸ்டம்ஸ்ல மாட்டிக்கும்.

காளப்பட்டி கடைக்காரன்:
ஐயோ, பெட்டில வெச்சு ஒட்டிட்டேன்னு இப்பத்தான் போட்டோ அனுப்புனான்.

நாலு இறக்கை:
பிரிக்கச் சொல்லுங்க.